விரல் மரத்தால் வாளாவிருக்கலாமா?



பால்மரம் வெட்டுவோருக்குக் கைதான் மூலதனம். அந்தக் கைக்கு வரக்கூடிய ஒரு தீங்கைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

உங்கள் வலக்கையை நீட்டி, உள்ளங்கையைப் பாருங்கள். மணிக்கட்டு முடிந்து உள்ளங்கை தொடங்கும் இடத்தில், தோலுக்கடியில் ஒரு குறுகிய சுரங்கம் உண்டு. அதன் அடித்தளமும் பக்கங்களும் எலும்பு. கூரை தடித்த நார்ப்பட்டை. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் அதனூடே செல்கின்றன.

'கவுட்' என்னும் மூட்டு நோய் பெரும்பாலும் கால் பெருவிரலில் தொடங்குவதை நீங்கள் அறிவீர்கள். இரத்தத்தில் மிகுந்த யூரிக் அமிலம் ஊசி போன்ற நுண்ணிய படிகங்களாகத் தங்குவதே அதற்குக் காரணம். ஆண்டுக்கணக்கில் கவனியாது விட்டால், அப்படிகங்கள் மணிக்கட்டின் தசைநாண்களிலும் அவற்றின் உறைகளிலும் படியக்கூடும். சுரங்கமோ விரிந்து கொடுக்காது. ஆகவே வீக்கம் நரம்பை நெரிக்கிறது.

அப்போது கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி ஆகியவை மரத்துப்போகும். சுண்டுவிரல் பெரும்பாலும் தப்பிவிடும். நள்ளிரவில் விழித்துக் கையை உதற வேண்டியிருக்கும். நாளடைவில் உளியின் பிடி தளரும். கட்டைவிரலின் அடிச்சதை வற்றும்.

இதனை வேலைக் களைப்பென்று எண்ணி, எண்ணெய் தேய்த்து உருவிவிடுவோரும், வலி மாத்திரையை வாங்கி விழுங்குவோரும் உண்டு. நரம்பின் நெரிப்பு இவற்றால் நீங்காது. மருத்துவரைக் கேளாமல் நெடுநாள் உண்ணும் வலி மாத்திரை சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடும்.

விரல் மரத்தவர் அனைவருக்கும் கவுட் என்று கருதலாகாது. ஓயாது இறுகப் பிடிக்கும் வேலையாலும், நீரிழிவாலும் இது நேரலாம். எனவே மருத்துவரே சோதித்துக் கூற வேண்டும். முன்பே கவுட் உள்ளவர்கள் அதனை மறவாமல் அவரிடம் சொல்லுங்கள்.

தொடக்கத்திலேயே சென்றால், இரவில் மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டையும், யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மருந்தும் போதுமானதாக இருக்கலாம். வலி நின்றதென்று அம்மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆனால், அல்லோபியூரினால் உண்போர் உடலில் தடிப்போ கொப்புளமோ தோன்றினால், உடனே நிறுத்தி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பீர், சாராயம், ஈரல், குடல், நெத்திலி ஆகியவற்றைக் குறைப்பது நன்று. அதுமட்டும் நோயைத் தீர்த்துவிடாது. நெரிப்பு முற்றினால், நார்ப்பட்டையை வெட்டி நரம்புக்கு இடமளிக்கும் அறுவை சிகிச்சை உண்டு.

உளி அளவுக்கு மிஞ்சி ஆழப் பதிந்தால், அவ்விடத்தில் புதுப்பட்டை ஒழுங்காக வளராது என்பதை என்னினும் நன்கறிந்தவர்கள் நீங்கள். நரம்பும் அத்தகையதே. நெடுநாள் நெரிபட்டு வற்றிய சதை, அறுவைக்குப் பின்னும் முழுமையாகத் திரும்பாமற் போகலாம். ஆகவே, சதை வற்றும்வரை காத்திராதீர்கள். விரல் மரக்கும்போதே மருத்துவரை நாடுங்கள்.