வெண்மணி எந்தக் காலம்?

(மாணவர் படிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



காலையில உங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டேன்: கீழவெண்மணி எப்ப நடந்துச்சு? ஒருத்தர் 'வெள்ளைக்காரன் காலம்' என்றார். இன்னொருத்தர் 'காங்கிரஸ் ஆட்சி' என்றார். மனுசன் நிலாவுல இறங்கினது எப்ப என்றேன். 1969 என்று பல குரல் சேர்ந்து வந்தது.

கூலி உயர்வு கேட்ட விவசாயக் கூலிகளின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், தஞ்சம் புகுந்த குடிசையோடு கொளுத்தப்பட்டது 1968 டிசம்பர் 25 இரவு. அன்றைக்கு முதலமைச்சர் அண்ணா. அதே இரவில் அப்போலோ 8 விண்கலம் மூன்று பேருடன் நிலாவைச் சுற்றிவிட்டுப் பூமிக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. நம்ம மனசுல ஒண்ணு விஞ்ஞான யுகம், இன்னொண்ணு பண்ணையார் யுகம். ஆனா ராத்திரி ஒண்ணுதான்.

உங்களைக் குறை சொல்லல. ஞாபகம் எல்லாவற்றுக்கும் வருசம் குறித்து வைப்பதில்லை. எவ்வளவு தெரியும் என்பதை வைத்தே எவ்வளவு தூரம் என்று ஊகிக்கிறது. 1985இல் நார்மன் பிரவுன், லான்ஸ் ரிப்ஸ், ஸ்டீவன் ஷெவல் என்ற உளவியலாளர்கள் இதை ஆராய்ந்து எழுதினார்கள். நிறையத் தெரிந்த நிகழ்ச்சிகளை மக்கள் சமீபத்தியவையாகவும், கொஞ்சமே தெரிந்தவற்றைப் பழையனவாகவும் மதிப்பிட்டார்கள்.

இங்கதான் அரசியல் இருக்கு. எது நிறையத் தெரியணும்னு யார் முடிவு பண்றா? பாடப்புத்தகமும் பத்திரிகையும் சினிமாவும். பேசப்படாதது மங்கிப்போகிறது. மங்கிப்போனது தானாகவே 'அந்தக் காலம்' ஆகிவிடுகிறது. 'இப்பல்லாம் யாருங்க சாதி பாக்குறா?' என்ற கேள்வி அந்த மங்கலிலிருந்துதான் பிறக்கிறது.

எனக்கு இதே கோளாறு எதிர்ப்பக்கமா. மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன்வந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டதைத் துண்டறிக்கையில் 'சமீபத்தில்' என்று எழுதினேன். ஒரு மாணவி சொன்னாள்: "தோழர், நான் அப்ப பொறக்கவே இல்ல." 1997 ஜூன் 30. நேத்து மாதிரி இருக்கு எனக்கு.

அதனால ஊருக்குப் போய்ச் சாட்சியம் சேகரிக்கும்போது 'எந்த வருசம் பாட்டி?' என்று கேட்காதீங்க. 'அண்ணா செத்ததுக்கு முன்னாடியா, பின்னாடியா?' என்று கேளுங்க. 1983இல் எலிசபெத் லாஃப்டசும் வெஸ்லி மார்பர்கரும் அமெரிக்காவில் இப்படித்தான் செய்து பார்த்தார்கள். 'கடந்த ஆறு மாதத்தில்' என்று கேட்பதைவிட, 'செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடித்த பிறகு' என்று கேட்டபோது காலக்குழப்பம் குறைந்தது. எல்லோருக்கும் தெரிந்த ஒரு நாளை நட்டு வைத்தால் ஞாபகம் அதைப் பிடித்துக்கொள்கிறது.

வெண்மணி எரிந்தபோது இருபது வயதில் இருந்தவர்களுக்கு இப்போது எழுபது தாண்டியிருக்கும். அவங்க வரலாற்றுக்குள்ள போயிடல. திண்ணையில உட்கார்ந்திருக்காங்க. போய்க் கேளுங்க.