முகாமுக்கு ஒரு கையெழுத்து

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் குருளைச் சாரணர் பொறுப்பாசிரியர் ஆற்றிய உரை)



சாரணர் படையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசும்படி தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டார். இந்த ஆண்டு நாம் எந்தப் போட்டியில் என்ன பரிசு வாங்கினோம் என்பது ஆண்டறிக்கையில் இருக்கிறது. அதையே மறுபடியும் வாசித்து உங்கள் பொறுமையைச் சோதிக்க மாட்டேன். வேறொரு கணக்கைச் சொல்கிறேன். வருகிற விடுமுறையில் மெர்போக் பக்கம் இரண்டு இரவு முகாம். 26 பிள்ளைகளிடம் அனுமதிக் கடிதம் கொடுத்தனுப்பினேன். நேற்று மாலை வரை கையெழுத்தோடு திரும்பி வந்தவை ஒன்பது. குருளையர் அணி ஒன்றுக்கு ஆறு பேர். ஒன்பது பேரை வைத்துக்கொண்டு ஒன்றரை அணிதான் அமைக்கலாம். அரை அணி கூடாரம் அடிப்பதை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஏன் கையெழுத்து வரவில்லை என்று சில வீடுகளுக்குப் போய் விசாரித்தேன். "டியூசன் இருக்குங்க சார்" என்றார்கள். முன்பெல்லாம் யூ.பி.எஸ்.ஆர். சோதனையைக் காரணம் காட்டுவார்கள். அந்தச் சோதனை 2021-இல் அகற்றப்பட்டுவிட்டது. சோதனை போய்விட்டது, டியூசன் போகவில்லை! "ராத்திரியில பாத்ரூம் போகப் பயப்படுவான்" என்றார் ஒரு தாயார். "கொசு கடிக்கும், அட்டை கடிக்கும்" என்றார் ஒரு பாட்டி. அட்டை கடிக்கத்தான் செய்யும், பாட்டி. உப்பு வைத்திருக்கிறோம். பணம் ஒரு தடை என்றால் என்னிடம் தனியாகச் சொல்லுங்கள், அதற்குச் சங்கத்தில் வழி இருக்கிறது.

ஒரு தகப்பனார் மட்டும், "வெள்ளம் வந்தா என்ன செய்வீங்க சார்?" என்று கேட்டார். இது நியாயமான கேள்வி. இதற்கு நின்று பதில் சொல்ல வேண்டும்.

நம் ஜெராய் மலையின் உயரம் 1,217 மீட்டர். வங்கக் கடலைக் கடந்து வந்த பழங்காலக் கப்பல்காரர்களுக்கு அதுதான் கரையடையாளம். அதே மலையிலிருந்து 2021 ஆகஸ்ட் 18-ஆம் நாள் வெள்ளமும் சேறும் மரங்களும் உருண்டு இறங்கி, யான், மெர்போக் வட்டாரங்களில் உயிர்களையும் வீடுகளையும் கொண்டுபோனதை நாம் மறக்கவில்லை. மலாய்க்காரர்கள் இதைக் 'கெப்பாலா ஆயர்' என்பார்கள். உச்சியில் மழை கொட்டும், கீழே வெயில் அடிக்கும். குளித்துக்கொண்டிருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. முன்பு நாங்கள் துப்பா ஆற்றோரத்திலேயே கூடாரம் அடித்துக்கொண்டிருந்தோம். இப்போது அடிப்பதில்லை. ஆற்றுக்குத் தூரத்தில், மேட்டு நிலத்தில்தான் முகாம். தண்ணீர் திடீரென்று கலங்கினாலும், சருகும் குச்சியும் மிதந்து வரத் தொடங்கினாலும், ஓசை மாறினாலும், செருப்பைக்கூடத் தேடாமல் மேலே ஏற வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம். நம்பிக்கை இல்லையென்றால் வீட்டில் உங்கள் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள், ஒப்பிப்பான். குடும்பத்தோடு குளிக்கப் போகிற பெரியவர்கள் எத்தனை பேருக்கு இது தெரியும்?

நிற்க. சாரணர் என்றால் காக்கிச் சட்டையும் கழுத்தில் ஸ்கார்ப்பும், தேசிய தின அணிவகுப்பும்தான் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பேடன் பவல் 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீத் தீவில் முதல் முகாமை நடத்தியபோது அவரிடம் இருந்தவர்கள் இருபது பையன்கள்போல. பணக்காரப் பள்ளிப் பிள்ளைகளும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளும் கலந்து இருந்தார்கள். அவர்களை ஓநாய், காளை, அண்டங்காக்கை, குர்லூ என்ற ஒரு நீர்ப்பறவை என நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பையனையே தலைவனாக வைத்தார். என்னைக் கேட்டால் அந்த இயக்கத்தின் சாரம் முழுவதும் இதுதான். பெரியவன் ஒதுங்கி நிற்பான், சின்னவன் பொறுப்பேற்பான். மறு ஆண்டே அவருடைய புத்தகம் வந்தது. 1910-இல் சிங்கப்பூரில் சாரணர் படை தொடங்கிவிட்டது. சிறுவர்களுக்கான குருளையர் பிரிவு 1916-இல் வந்தது. அதில் ஆறு பேர் கொண்ட அணியின் தலைவனுக்கு 'சிக்சர்' என்று பெயர். கிரிக்கெட் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பொறுப்பாசிரியருக்கு 'அக்கேலா' என்று பெயர், ஓநாய்த் தலைவன். என் வீட்டில்கூட எனக்கு இப்போது அந்தப் பெயர்தான்.

பிள்ளைகளுக்குப் பிடித்தது எது தெரியுமா? முகாமில் அவர்களே ஆக்குகிற சோறு. அடியில் கருகி, நடுவில் குழைந்து, மேலே அரிசியாகவே இருக்கும். அதற்கு ஒரு சார்டின் டின்னும் நெத்திலிச் சம்பலும். வீட்டில் இட்லிக்கு இரண்டு சட்னி கேட்கிறவன், அதை வழித்துச் சாப்பிட்டுவிட்டு "சார், இன்னும் இருக்கா?" என்பான். ஈர விறகில் இரண்டே தீக்குச்சியால் தீ மூட்டித் தண்ணீர் கொதிக்க வைக்கும் போட்டி இருக்கிறது. மழை பெய்த மறுநாள் அதை நடத்தினால் அரை மணி நேரத்துக்கு மண்டபமே புகையாக இருக்கும். கித்தா மரக் காட்டில் வளர்ந்த நமக்கு உலர்ந்த கட்டிப்பால் நன்றாகப் பற்றும் என்று தெரியும். நம் பையன்கள் அதைப் பையில் கொண்டுவந்திருந்தார்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர் இது விதிமீறல் என்றார், நான் இது அறிவு என்றேன். கடைசியில் சமரசமாக மைலோ குடித்துவிட்டுப் பிரிந்தோம்.

இன்னொன்று 'கிம் விளையாட்டு'. ஒரு தட்டில் இருபத்து நான்கு சாமான்களைப் பரப்பித் துணியால் மூடி வைப்போம். ஒரு நிமிடம் திறந்து காட்டிவிட்டு மறுபடி மூடிவிடுவோம். எத்தனை நினைவிருக்கிறதோ எழுத வேண்டும். இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். அந்தப் பயனைச் சொல்லத்தான் இன்று மேடை ஏறினேன்.

2019 மார்ச் விடுமுறை. நான்கு பள்ளிகள் சேர்ந்து நட்புமுறைப் போட்டி நடத்தினோம். துப்பாவிலிருந்து பூஜாங் பள்ளத்தாக்கு அரும்பொருளகம் வரை கம்பத்துப் பாதையிலும் கித்தாத் தோட்டத்து வழியிலும் நடைப்பயணம். அங்கே புக்கிட் பத்து பஹாட் கோயிலின் அடித்தளம் இருக்கிறது. 1936-37-இல் குவாரிட்ச் வேல்ஸ் தம்பதியர் தோண்டி ஆராய்ந்தது, 1960-இல் கல்லைக் கல்லாக அடுக்கித் திரும்பக் கட்டியது. கடாரம் என்று வரலாற்றுப் பாடத்தில் படிக்கிறோமே, இராசேந்திர சோழன் 1025-இல் படையெடுத்த கடாரம், அது நாம் தினமும் பஸ் ஏறுகிற இந்தக் கெடாதான் என்பது அந்தக் கல்லில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிடும்போதுதான் பையன்களுக்கு உறைக்கிறது.

வழியில் தடக்குறிகள் வைத்திருப்போம். அம்புக்குறி என்றால் இவ்வழி போ. பெருக்கல் குறி என்றால் இது வழியல்ல. வட்டத்தின் நடுவே புள்ளி என்றால் வீடு திரும்பிவிட்டேன். 1941-இல் மறைந்த பேடன் பவலின் கல்லறையில், கென்யா நாட்டு நியேரியில், அந்தக் குறியைத்தான் பொறித்திருக்கிறார்கள். ஒவ்வோர் அணிக்கும் பின்னால், சற்றுத் தூரத்தில், ஒரு பெரியவர் வருவார். ஆபத்து என்றால் தவிர வாய் திறக்கக்கூடாது. நம் அணிக்குப் பின்னால் நான் போனேன்.

தோட்டத்துக்குள் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் அம்புக்குறியை முதல் நாள் மாலை வைத்தவனும் நான்தான். இருட்டிக்கொண்டு வந்தது. கல் பொறுக்கச் சோம்பல்பட்டு நாலு குச்சியைக் கிடத்திவிட்டு வந்துவிட்டேன். விடியற்காலையில் பால் வெட்டுகிறவர்களின் மோட்டார் அதன் மேல் ஏறிப் போயிருக்கிறது. பையன்கள் வந்தார்கள், குறி இல்லை, அகலமாகத் தெரிந்த இடப்பக்கப் பாதையில் போனார்கள். "பார்க்காமல் போகிறார்களே" என்று மனதுக்குள் கோபப்பட்டேன். நான் அந்த இடத்துக்கு வந்து பார்த்தபோதுதான் டயர்த் தடமும் நசுங்கிய குச்சிகளும் கண்ணில் பட்டன.

அப்போதே கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பையன் என்ன செய்கிறான் பார்ப்போம் என்று பின்தொடர்ந்தேன். அது பயிற்சியா, என் பிடிவாதமா என்று எனக்கு இன்றுவரை தெளிவில்லை.

கால் மணி நேரம் போனபின் பாதை ஒரு பெரிய வாய்க்காலில் முடிந்தது. சின்னவர்கள் இருவர் அழத் தொடங்கினார்கள். சிக்சருக்கு வயது பன்னிரண்டு. "எல்லாரும் உட்காருங்கடா" என்றான். தலையை எண்ணினான், ஆறு. தண்ணீர் குடிக்கச் சொன்னான். "கடைசியா அம்பு எங்கே பார்த்தோம்?" என்று கேட்டான். பெரியவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். மூன்றாம் ஆண்டுப் பொடியன் ஒருவன், கிம் விளையாட்டில் யாரிடமும் தோற்காதவன், மூக்கைத் துடைத்துக்கொண்டு, "விளிம்பு உடைஞ்ச பால்கோப்பை ஒரு மரத்துல இருந்துச்சே, அதுக்குக் கீழே" என்றான். திரும்பினார்கள். ஒவ்வொரு மரத்துக் கோப்பையையும் பார்த்துக்கொண்டே நடந்து அதைக் கண்டுபிடித்தார்கள். அங்கிருந்து பிரிவுப் பாதைக்கு வந்து, மூவரை அங்கேயே நிறுத்திவிட்டு, மூவர் மட்டும் வலப்பக்கம் கூப்பிடு தூரம் போய் அடுத்த அம்பைப் பார்த்துக் கத்தினார்கள். பெரியவர்கள் எத்தனை பேர் அப்படி யோசித்திருப்போம்? நான் யோசித்திருக்க மாட்டேன்.

ஐம்பது நிமிடம் தாமதம். கடைசி இடம். அரும்பொருளக வாசலில் சிக்சரின் தகப்பனார் படம் பிடிப்பதற்காக வந்து வெயிலில் காத்துக்கொண்டிருந்தார். மகனைக் கண்டதும் எல்லார் முன்னிலையிலும், "ஆறு பேரையும் காட்டுல தொலைச்சிட்டு வர்றியே, நீ எல்லாம் ஒரு தலைவனா?" என்று சத்தம் போட்டார். அவன், "ஆறு பேரும் வந்துட்டோம்பா" என்று மட்டும் சொன்னான். குச்சி விஷயத்தை நான் அங்கே சொல்லவில்லை. மற்றப் பள்ளி ஆசிரியர்கள் நின்றார்கள், வெட்கம். பஸ்ஸில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, தவறு என்னுடையது என்றேன். "தெரியும் சார். திரும்பி வரும்போது குச்சியெல்லாம் நசுங்கிக் கிடந்ததைப் பார்த்தேன்" என்றான். தெரிந்திருந்தும் அப்பாவிடம் சொல்லாமல் திட்டு வாங்கியிருக்கிறான்.

அந்தத் தகப்பனார் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறார். அவருடைய கடைக்குட்டியின் பெயர் அந்த 26-இல் இருக்கிறது, ஒன்பதில் இல்லை. நேற்று இரவு அவர் வீட்டுக்குப் போய், இத்தனை ஆண்டுகள் கழித்து நடந்ததைச் சொன்னேன். மேடையிலும் சொல்லலாமா என்று கேட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சொல்லுங்க சார். கையெழுத்து விஷயம் மட்டும் அவங்கம்மாகிட்ட கேட்டுக்குங்க" என்றார்.

அம்மா அவர்களே, உங்களிடமும் கேட்கிறேன். மற்ற பதினாறு வீட்டாரிடமும் கேட்கிறேன். இந்த முறை பாதை பிரியும் இடத்தில் கல்தான் வைப்பேன். வைத்ததை விடிந்ததும் போய்ப் பார்ப்பேன். வாகன ஓட்டுநர், முதலுதவி, அருகிலுள்ள மருத்துவமனை, உடன் வரும் ஆசிரியர்களின் கைப்பேசி எண் எல்லாம் கடிதத்தின் பின்பக்கத்தில் இருக்கின்றன. வர விரும்பும் அப்பாக்கள் வரலாம், விதி ஒன்றுதான், வாய் திறக்கக்கூடாது.

கடிதங்கள் வாசலருகே தேநீர் மேசையில் இருக்கின்றன. பேனாவைக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறோம். கட்டியவன் மூன்றாம் ஆண்டு மாணவன். இழுத்துப் பாருங்கள்.