மருத்துவத் தேர்வு என்னும் கடைசி வாயில்

(காவல் பணிக்கு ஆயத்தமாகும் இளைஞர்க்காக விழா அரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



மருத்துவத் தேர்வைப் பற்றித் தமிழாசிரியர் ஒருவர் பேசுவது சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். நான் மருத்துவன் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன். அந்த ஆண்டுகளில் நான் செய்த பிழையொன்றை உங்கள்முன் சொல்ல வேண்டும் என்பதே இப்பொருளை நான் தேர்ந்துகொண்டதற்குக் காரணம்.

வந்தவாசிப் பக்கத்தில் பிறந்த நான், பணியின் பொருட்டுத் தெற்கே சென்று, திருவில்லிபுத்தூரை அடுத்த கான்சாபுரத்தில் பல ஆண்டுகள் குடியிருந்தேன். கான்சாகிபு எனப்பட்ட மருதநாயகத்தின் பெயரால் அமைந்த ஊர் என்று அங்குள்ள பெரியோர் சொல்வர். மேற்கே மலைத்தொடர், அதன் அடியில் வயல்கள், தோப்புகள். விடியற்காலையில் அவ்வூர்ச் சாலையில் நடந்தால் இளைஞர் பலர் ஓடிக்கொண்டிருப்பதைக் காணலாம். அண்மையில் உள்ள இராசபாளையத்தில் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் 11-ஆம் அணி இருக்கிறது. சீருடையில் செல்லும் காவலரைக் கண்டு வளரும் பிள்ளைகளுக்கு அச்சீருடையின்மேல் ஆசை பிறப்பது இயல்பே.

அகிம்சையை உயிரெனப் போற்றும் நம் குடும்பங்களில், காவல் பணி நமக்குப் பொருந்துமா என்று கேட்போர் உண்டு. துறவியர்க்குரிய மகாவிரதம் வேறு, இல்லறத்தார்க்குரிய அணுவிரதம் வேறு. எளியோரைக் காக்கும் கடமையை நம் அறநூல்கள் இல்லறத்தார்க்கு மறுக்கவில்லை. அதனை விரித்துரைக்க வேறு அரங்கு வேண்டும். பணிக்குச் செல்வதென்று முடிவு செய்துவிட்ட பிள்ளைகளுக்கே இன்று நான் பேசுகிறேன்.

1991-இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியமே நம் மாநிலத்தில் இரண்டாம் நிலைக் காவலர், உதவி ஆய்வாளர் ஆகிய பணிகளுக்கு ஆள்களைத் தேர்ந்தெடுக்கிறது. முதலில் எழுத்துத் தேர்வு. அதனையடுத்து உடல் அளவுகள், ஓட்டம், உடல் திறன் போட்டிகள், சான்றிதழ் சரிபார்ப்பு. இவற்றையெல்லாம் கடந்து தற்காலிகத் தேர்வுப் பட்டியலில் பெயர் வந்த பிறகே நன்னடத்தை விசாரணையும் மருத்துவத் தேர்வும் நடைபெறும். ஓராண்டு, ஈராண்டு உழைத்து வந்தவன் கடைசியாக நிற்கும் வாயில் அது. எல்லாரும் கடைசியாகத் தயாரிப்பதும் அதற்குத்தான். என் கவலை முழுவதும் இவ்வொரு செய்தியில் அடங்கியிருக்கிறது.

என் மாணவன் ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டா. விவசாயக் கூலி வேலை செய்தோரின் மகன். கட்டுரை ஏடுகளைத் திருத்தும்போது பிழைகளைச் சிவப்பு மையாலும், பாராட்டத்தக்க தொடர்களைப் பச்சை மையாலும் அடிக்கோடிடுவது என் வழக்கம். ஒருநாள், "சிவப்புக் கோடிட்டவற்றை மட்டும் திருத்தி எழுதி வாருங்கள்" என்றேன். இவன் பிழைகளையும் நல்ல தொடர்களையும் கலந்து எழுதி வந்தான். மறுமுறையும் அப்படியே செய்தான். கவனமில்லாதவன் என்று கடிந்து, வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

ஆண்டுகள் கழிந்தன. அவன் எழுத்துத் தேர்வில் வென்றான். ஓட்டத்திலும் கயிறு ஏறுவதிலும் வென்றான். பட்டியலில் பெயர் வந்த நாளில் அவன் தாய் எனக்குச் சர்க்கரை கொண்டுவந்து கொடுத்தார். பின்னர் மருத்துவத் தேர்வில், வண்ணப் புள்ளிகளுக்குள் எண்கள் மறைந்திருக்கும் புத்தகம் ஒன்றை அவன்முன் விரித்திருக்கிறார்கள். பக்கத்துக்குப் பக்கம் அவனுக்குப் புள்ளிகளே தெரிந்தன. எண்கள் தெரியவில்லை. அன்று மாலை என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "ஐயா, உங்கள் சிவப்பு மையும் பச்சை மையும் எனக்கு ஒரே நிறமாகத்தான் தெரிந்தன" என்றான்.

தண்டித்த எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். புரிந்திருந்தால் அவனைக் கண் மருத்துவரிடம் அனுப்பியிருப்பேன். அவனும் தன் உழைப்பை வேறு வழியில் செலுத்தியிருப்பான்.

நிறக்குருடு என்று நாம் சொல்லும் இக்குறை அரிதன்று. அணுக்கொள்கையால் புகழ்பெற்ற ஆங்கிலேய அறிஞர் ஜான் டால்டனுக்கும் அஃது இருந்தது. தம் கண்ணுக்கு நிறங்கள் எவ்வாறு தோன்றுகின்றன என்று அவரே 1794-இல் ஒரு கட்டுரை படித்தார். 1875-இல் ஸ்வீடன் நாட்டில் நேர்ந்த தொடர்வண்டி விபத்தொன்றுக்குப் பின், சைகை விளக்கின் நிறம் அறியாதவர் பணியில் இருத்தலாகாது என்று ஓல்ம்கிரென் என்னும் அறிஞர் வற்புறுத்தினார். பணிக்கு முன் நிறப்பார்வையைச் சோதிக்கும் வழக்கம் அதன்பின் பரவிற்று. இன்று நாம் காணும் புள்ளிப் புத்தகம் 1917-இல் ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா வெளியிட்டது.

தாய்மார்கள் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். பிறவியிலேயே வரும் சிவப்பு-பச்சைக் குறை பெரும்பாலும் தாய்வழியாக மகனுக்கு வருவது. தாய்க்குப் பெரும்பாலும் குறை வெளிப்படாது. ஆகவே தாய்மாமனுக்கோ தாய்வழிப் பாட்டனுக்கோ இக்குறை இருந்தால் பிள்ளையைச் சிறு வயதிலேயே சோதித்துவிடுங்கள். சில நிமிட வேலை. இதற்கு மருந்து இல்லை. மருந்து உண்டென்று பணம் கேட்பவரை நம்பவேண்டா. இது பிள்ளையின் குற்றமும் அன்று, தாயின் குற்றமும் அன்று.

இனி, பார்வைக் கூர்மை. 6/6 என்பதன் பொருளைப் பல பிள்ளைகள் அறிவதில்லை. நெதர்லாந்து மருத்துவர் ஸ்நெல்லன் 1862-இல் வகுத்த எழுத்து அட்டையை ஒட்டிய அளவு இது. நல்ல கண் 6 மீட்டரில் படிக்கும் வரியை உங்கள் கண்ணும் 6 மீட்டரில் படித்தால் 6/6. நல்ல கண் 12 மீட்டரிலேயே படித்துவிடும் வரியைப் படிக்க நீங்கள் 6 மீட்டருக்கு நெருங்க வேண்டியிருந்தால் 6/12. மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் பணிக்குக் கண்ணாடியின்றி ஒரு கண்ணில் 6/6, மற்றதில் 6/9 கேட்கிறார்கள். மாநிலக் காவல், மத்தியப் படை, இந்தியக் காவல் பணி ஆகியவற்றுக்கு விதிகள் வேறு வேறு. எனவே அறிவிக்கையை வரி விடாமல் படியுங்கள். கண்ணாடியைக் கழற்றிவிடும் அறுவைச் சிகிச்சையைச் செய்துகொள்ள எண்ணுவோர், தாம் விண்ணப்பிக்கும் படை அதனை ஏற்குமா என்று முன்னரே விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். செய்துகொண்ட பின் கேட்பதில் பயனில்லை.

உடல் அளவுகளை வீட்டிலேயே பார்த்துவிடலாம். அண்மை ஆண்டுகளின் இரண்டாம் நிலைக் காவலர் அறிவிக்கைகளில் பொதுப்பிரிவு, பிற்படுத்தப்பட்ட பிரிவு ஆண்களுக்கு 170 செ.மீ., பெண்களுக்கு 159 செ.மீ. உயரம் கேட்டிருந்தார்கள். ஆண்களுக்கு மார்பளவு 81 செ.மீ.; மூச்சை உள்ளிழுத்தால் 5 செ.மீ. விரிய வேண்டும். ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். உயரத்தை மருந்தால் கூட்ட முடியாது. மார்பு விரிவையும் மூச்சையும் பயிற்சியால் கூட்டலாம். எது மாறும், எது மாறாது என்று பகுத்தறிவதே ஆயத்தத்தின் முதற்படி.

காலைப் பாருங்கள். ஈரப் பாதத்தைச் சிமெண்டுத் தரையில் பதித்தால், உள்ளங்கால் வளைவு இருப்போர்க்குச் சுவடு நடுவில் ஒடுங்கி விழும். தட்டைப் பாதத்தினர்க்கு முழுதும் பதியும். நேராக நின்று பாதங்களைச் சேர்க்கையில் முழங்கால்கள் மட்டும் ஒன்றோடொன்று இடிக்கின்றனவா என்று பாருங்கள். கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்திருக்கிறதா என்று பாருங்கள். தட்டைப் பாதம், முழங்கால் இடித்தல், நரம்புச் சுருட்டல், மாறுகண் ஆகிய நான்கையும் மத்தியப் படைகளின் அறிவிக்கைகள் பெயர் சொல்லியே விலக்குகின்றன. வீட்டுச் சோதனையை முடிவாகக் கொள்ளாமல், ஐயம் எழுந்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

காதில் குறும்பி அடைத்திருந்தால் செவி மந்தமாகத் தோன்றும். மருத்துவர் எடுத்துவிட்டால் சரியாகிவிடும். கோழியிறகையும் குச்சியையும் விட்டுக் குடைந்து செவிப்பறையைக் கிழித்துக்கொள்ளாதீர்கள். குடலிறக்கம், விரைவீக்கம் ஆகியவற்றை வெட்கத்தால் தாயிடமும் சொல்லாமல் மறைக்கும் பிள்ளைகள் உண்டு. இவை அறுவையால் தீர்பவை. ஆனால் புண் ஆறி உடல் மீண்டும் பயிற்சிக்குத் தகுதி பெற மாதங்கள் வேண்டும். ஓராண்டுக்கு முன் தெரிந்தால் இவை சிறு குறைகள். அழைப்பு வந்த பிறகு தெரிந்தால் பெருந்தடைகள்.

இவ்விடத்தில் நம் இல்லங்களின் உணவைப் பற்றிச் சில சொற்கள். நம் உணவு காவல் பணிக்குத் தடையன்று. ஆயினும் இரும்புச் சத்தில் கருத்து வேண்டும், பெண் பிள்ளைகளுக்குச் சிறப்பாக. முருங்கைக்கீரை, கேழ்வரகு, எள், பயறு வகைகளோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் அச்சத்து உடலில் நன்கு சேரும். உண்டவுடன் தேநீர், காப்பி அருந்தினால் அது குறையும். கீரையை விலக்கும் நாள்களில் பயறும் எள்ளும் துணைநிற்கும். பாலும் தயிரும் பி12 தரும். என் மாணவி ஒருத்தி ஓட்டப் பயிற்சியில் மூச்சிரைத்து நின்றாள். சோம்பல் என்று வீட்டில் ஏசினார்கள். குருதிச் சோதனையில் கடுமையான இரத்தச்சோகை என்று தெரிந்தது. முறையான சிகிச்சைக்குப் பின் சில மாதங்களில் ஓடினாள், தேர்ச்சியும் பெற்றாள். கதிரவன் மறையுமுன் உண்ணும் பிள்ளைகள் மாலைப் பயிற்சியை முன்னதாக முடித்து உண்ணலாம். உண்ணா நோன்பு நோற்போர் ஓட்டத் தேர்வையும் மருத்துவத் தேர்வையும் அடுத்து நீண்ட நோன்பு கொள்ளாதிருத்தல் நன்று. ஐயமிருப்பின் மருத்துவரையும் கேளுங்கள், துறவியரையும் கேளுங்கள்.

இறுதி வாரத்தில் செய்யத்தக்கவை மிகச் சிலவே. நன்றாக உறங்குங்கள். கடும் பயிற்சியைக் குறையுங்கள். தண்ணீர் போதிய அளவு அருந்துங்கள். புதிய மருந்து எதனையும் உண்ணாதீர்கள். தசை வளர்க்கும் ஊசியும் மாத்திரையும் எப்போதும் வேண்டா. உண்டுவரும் மருந்துகளின் சீட்டையும் பழைய அறுவைச் சிகிச்சைக் குறிப்புகளையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். அச்சத்தால் இரத்த அழுத்தம் ஏறுவதுண்டு. அமர்ந்து மூச்சைச் சீராக்கிய பின் மறுபடி பார்க்குமாறு பணிவுடன் கேட்கலாம். ஆடை களைந்து சோதிப்பார்கள் என்பதை முன்பே அறிந்திருந்தால் கூச்சம் குறையும். பெண் பிள்ளைகளுக்குத் தாய்மார் இதனைச் சொல்லி அனுப்புங்கள்.

எல்லாவற்றினும் முதன்மையானது வாய்மை. முன்பு வலிப்பு வந்ததுண்டா, இதய நோய் உண்டா என்று படிவத்தில் கேட்டால் உள்ளதை எழுதுங்கள். "சொன்னால் வேலை போய்விடும்" என்று மறைக்கச் சொல்லும் பெற்றோர் உண்டு. வலிப்புடைய ஒருவர் நள்ளிரவில் வண்டி ஓட்டினால், துப்பாக்கி ஏந்தி நின்றால், அவர் உயிரும் உடன் நிற்பவர் உயிரும் என்னாகும்? அச்சோதனை நம்மை இழிவுபடுத்த வைத்ததன்று. பிறர் உயிரை நம் கையில் ஒப்படைக்குமுன் கேட்கும் கேள்வி அது. பணம் கொடுத்தால் சான்றிதழ் வாங்கித் தருவேன் என்போரை வாயிலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

தகுதியில்லை என்று முடிவு வந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீட்டுக்கோ மறு மருத்துவப் பரிசோதனைக்கோ இடமிருப்பின் குறித்த நாளுக்குள் விண்ணப்பியுங்கள். நிறப்பார்வைக் குறையால் மின்வாரிய உதவிப் பொறியாளர் பணி மறுக்கப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர் ஒருவரின் வழக்கில், அந்நிலையிலேயே தகுந்த பணி தருமாறு உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் ஆணையிட்டது. அது காவல் பணியைப் பற்றிய தீர்ப்பன்று. ஆயினும் ஒரு குறை எல்லா வாயில்களையும் அடைத்துவிடாது என்பதற்கு அது சான்று.

என் மாணவன் என்னவானான் என்று கேட்பீர்கள். ஓராண்டு சோர்ந்திருந்தான். பின் வேறு தேர்வு எழுதி வட்டாட்சியர் அலுவலகத்தில் பணியில் அமர்ந்தான். ஞாயிறுதோறும் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி தருகிறான். தன்னிடம் புதிதாக வரும் பிள்ளையை அவன் முதலில் ஓடச் சொல்வதில்லை. கண் மருத்துவரிடம் போய் வரச் சொல்கிறான். நான் ஆசிரியனாக இருந்து செய்யத் தவறியதை அவன் செய்கிறான்.

பெற்றோர்களே, இவ்விழா முடிந்து ஊர் திரும்பியதும் உங்கள் பிள்ளையின் கண், காது, குருதி மூன்றையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். ஆசிரியர்களே, ஒரு பிள்ளை ஒரே பிழையை இருமுறை செய்தால், தண்டிக்குமுன் அவனுக்கு அது எப்படித் தெரிகிறது என்று கேளுங்கள்.