கீமோ வார்டில் வேலை செய்கிறவர்களுக்கும் டெஸ்ட்: நமக்கு அதில் என்ன?
(உரை வடிவம்)



பஸ்ஸில் போய்க்கொண்டே போனில் இதைப் படிக்கிறவர்கள் இருப்பீர்கள். ஆஸ்பத்திரியில் டோக்கன் நம்பர் வரும்வரை உட்கார்ந்து படிக்கிறவர்களும் இருப்பீர்கள். இரண்டாவதாகச் சொன்னேனே, அவர்களுக்கு இன்றைய பேச்சு ரொம்பவே பயன்படும்.

கொரோனா காலத்தில் புற்றுநோயாளி இருந்த வீடுகளில் ஒரே கேள்விதான். "அப்பாவுக்கு அடுத்த வாரம் கீமோ. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா கொரோனா வந்துடுமோ? போகாம விட்டா கட்டி வளர்ந்துடுமோ?" இரண்டுமே நியாயமான பயம். இதற்குக் கிடைத்த பதில்களில் ஒன்று, புற்றுநோய் சிகிச்சை மையப் பணியாளர்களுக்கு, உடம்பு நன்றாக இருக்கும்போதே, தொற்றுப் பரிசோதனை செய்வது. அது ஏன் தேவைப்பட்டது? எவ்வளவு தூரம் காப்பாற்றும்? நம் பங்கு என்ன? வாங்க, பார்ப்போம்.

முதலில், ஏன் என்று சொல்லிவிடுகிறேன். கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும். புற்றுநோய் செல் மட்டும் இல்லை, எலும்பு மஜ்ஜையில் உருவாகும் வெள்ளை அணுக்களும் அதில் அடிபடும். பெரும்பாலான மருந்துகளில், ஊசி போட்ட 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளை அணுக்கள் ரொம்பக் குறைந்துவிடும். கிருமியை எதிர்க்கும் படை அப்போது பாதி லீவில் இருக்கிற மாதிரி. ஊரில் 'கரண்ட் வைக்கிறது' என்று சொல்கிறோமே, அந்தக் கதிர்வீச்சு சிகிச்சைக்கு வாரத்தில் 5 நாள், பல வாரம் வர வேண்டியிருக்கும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர், அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு வந்தே ஆகவேண்டியவர். இரண்டும் ஒரே ஆள்.

2020 பிப்ரவரியில் சீனாவிலிருந்து ஒரு ஆய்வு 'லான்செட் ஆன்காலஜி' இதழில் வந்தது. கொரோனா வந்த 1,590 பேரில் 18 பேருக்குப் புற்றுநோய் இருந்தது அல்லது முன்பு வந்திருந்தது. அந்த 18 பேரில் 7 பேருக்கு நிலைமை மோசமானது, அதாவது 39 சதவீதம். மற்றவர்களில் இது 8 சதவீதம். 18 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, அதை வைத்து எல்லாவற்றையும் முடிவுசெய்ய முடியாது. ஆனால் உலகம் முழுக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டார்கள்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்க. இந்தியாவின் 41 புற்றுநோய் மையங்களில், 2019 மார்ச் முதல் மே வரை புதிதாகப் பதிவுசெய்த நோயாளிகள் 1,12,270 பேர். 2020-ல் அதே மூன்று மாதங்களில் 51,760 பேர்தான். பாதிக்கும் மேல் குறைந்துபோனது. நோய் குறைந்ததால் இல்லைங்க. பஸ், ரயில் ஓடவில்லை, பயமும் இருந்தது. அதனால் ஆள் வரவில்லை. புற்றுநோய் ஊரடங்குக்காகக் காத்திருக்காது என்பது நமக்குத் தெரியும். ஆக, 'வீட்டிலேயே இருங்க' என்பது இவர்களுக்குப் போதுமான பதில் இல்லை. வருகிற இடத்தைப் பாதுகாப்பாக்க வேண்டியிருந்தது.

சரி, பணியாளரிடமிருந்து எப்படிப் பரவும்? டே கேர் வார்டில் ஒரு நர்ஸ் ஒரே நாளில் பல பேருக்கு ஊசி ஏற்றுகிறார், பிபி பார்க்கிறார். கதிர்வீச்சு அறையில் டெக்னீஷியன் ஒவ்வொரு நோயாளியையும் தொட்டு, சரியான நிலையில் படுக்க வைக்கிறார். கொரோனா வைரஸ், அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே பரவக்கூடியது. வாசலில் நெற்றிக்கு நேராகப் பிடிக்கும் தெர்மாமீட்டர் அந்த ஆளைக் கண்டுபிடிக்காது.

பணியாளர் என்றால் டாக்டரும் நர்ஸும் மட்டும் இல்லை. படுக்கையைத் துடைக்கும் தூய்மைப் பணியாளர், வீல்சேர் தள்ளுபவர், லிஃப்ட் ஆபரேட்டர், ஓ.பி. சீட்டு போடுபவர், செக்யூரிட்டி, கேண்டீனில் இட்லி கொண்டுவந்து கொடுப்பவர் எல்லோரும்தான். இவர்களில் பலர் ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவர்கள். டெஸ்ட் பட்டியலில் இவர்கள் பெயர் விட்டுப்போனால், முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பின்வாசலைத் திறந்து வைத்த கதைதான். வைரஸுக்கு நிரந்தரப் பணி, ஒப்பந்தப் பணி என்ற வித்தியாசம் தெரியாது.

அடுத்தது, டெஸ்ட் எப்போது எடுப்பது? ஐசிஎம்ஆர் 2020 மே 18-ல் வெளியிட்ட வழிமுறையில், அறிகுறி உள்ள சுகாதாரப் பணியாளர்களுக்குப் பரிசோதனை என்றது. தொற்று உள்ளவரோடு நெருக்கமாக இருந்தவர்களுக்கு, அறிகுறி இல்லாவிட்டாலும், 5-ஆம் நாளிலிருந்து 10-ஆம் நாளுக்குள் ஒருமுறை என்றது. ஏன் மறுநாளே எடுக்கச் சொல்லவில்லை? அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2020-ல் போட்ட கணக்கு இதற்கு விடை சொல்கிறது. கிருமி உடம்பில் ஏறி 4-ஆம் நாள் ஆர்டி-பிசிஆர் எடுத்தால், தொற்று இருந்தும் 'இல்லை' என்று காட்டும் வாய்ப்பு சுமார் 67 சதவீதம். 8-ஆம் நாளில் அது சுமார் 20 சதவீதம்.

புரிகிறதா? 'நேத்துதான் டெஸ்ட் எடுத்தேன், நெகட்டிவ்' என்பது நேற்றைய நிலைக்கான சான்று. அதுவும் முழுச் சான்று இல்லை. அதனால்தான் ஒருமுறை எடுத்தால் போதாது, திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். இங்கிலாந்தில் 2020 நவம்பர் முதல், நோயாளிகளை நேரில் பார்க்கும் அரசு மருத்துவப் பணியாளர்கள் வாரம் இருமுறை தாங்களே விரைவுப் பரிசோதனை செய்துகொள்ள ஏற்பாடு செய்தார்கள். இங்கே கிட் தட்டுப்பாடாக இருந்த நேரத்தில், தொற்று குறைவாக உள்ள பகுதிகளில் 5 பேர் வரை மாதிரிகளை ஒன்றாகச் சேர்த்துச் சோதிக்கலாம் என்று ஐசிஎம்ஆர் 2020 ஏப்ரலில் சொன்னது. சேர்த்த மாதிரி நெகட்டிவ் என்றால் ஐந்து பேருக்கும் அதோடு முடிந்தது. பாசிட்டிவ் என்றால் மட்டும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பார்ப்பார்கள்.

இதில் சிக்கலும் உண்டு. ஒரே நாளில் பல நர்ஸ்களுக்குப் பாசிட்டிவ் வந்து எல்லோரும் தனிமையில் போய்விட்டால், ஊசி போட ஆள் இருக்காது. அதனால் பணியாளர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒன்றோடொன்று கலக்காமல் வேலை செய்ய வைப்பதும் இந்தத் திட்டத்தின் பகுதிதான்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று இருக்கு. பாசிட்டிவ் வந்தால் சம்பளம் போய்விடும், வீட்டு ஓனர் காலி பண்ணச் சொல்வார் என்று பயப்படுகிற ஒருவர், தொண்டை வலியை வெளியே சொல்வாரா? ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்துவிடுவார். சம்பளத்தோடு லீவும் மரியாதையும் இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல டெஸ்ட்டும் வேலைக்கு ஆகாது. 2020-ல் மருத்துவப் பணியாளர்களை வீட்டுக்குள் விடாமல் தடுத்த செய்திகளைப் படித்தோம். அதனால்தான் மத்திய அரசு 2020 ஏப்ரல் 22-ல் தொற்றுநோய்ச் சட்டத்தைத் திருத்தி அவசரச் சட்டம் கொண்டுவந்தது. மருத்துவப் பணியாளரின் வாழ்க்கையையோ வேலையையோ பாதிக்கும்படி தொல்லை கொடுப்பதும் அதில் வன்முறைதான். தண்டனை 3 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். உங்கள் தெருவில் குடியிருக்கும் நர்ஸை நீங்கள் மரியாதையாக நடத்துவது, வார்டில் படுத்திருக்கும் யாரோ ஒருவரைக் காப்பாற்றுகிறது.

இனி நாம் என்ன செய்யலாம்? ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்க.

1. கீமோவில் இருப்பவருக்குக் காய்ச்சல் 100.4 டிகிரி வந்தால் வீட்டில் காத்திருக்க வேண்டாம். 'காய்ச்சல்னா வீட்டுலயே இருங்க' என்று கொரோனா காலத்தில் கேட்ட அறிவுரை இவர்களுக்குப் பொருந்தாது. பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சலை மறைக்காமல், சிகிச்சை தரும் மருத்துவமனைக்கு உடனே போன் செய்துவிட்டுக் கிளம்புங்க. வண்டி இல்லையென்றால் 108.

2. துணைக்குப் போகிற உங்களுக்குச் சளி, இருமல் என்றால் அன்றைக்கு வேறு ஒருவரை அனுப்புங்க. வார்டுக்குள் நாமே கிருமியைக் கொண்டுபோகக் கூடாது. ஒரு நோயாளிக்கு ஒரு துணை போதும்.

3. பயந்துபோய் நீங்களாகவே கீமோ தேதியைத் தள்ளிப்போடாதீங்க. தள்ளலாமா, கூடாதா என்பதை உங்கள் டாக்டர் சொல்லட்டும்.

4. "இங்க எல்லா ஸ்டாஃபுக்கும் டெஸ்ட், தடுப்பூசி எல்லாம் இருக்குங்களா?" என்று மையத்தில் கேட்பது உங்கள் உரிமை. ஆனால் "இந்த நர்ஸுக்கு ரிசல்ட் என்ன?" என்று கேட்கக் கூடாது. அது அவருடைய அந்தரங்கம்.

5. எந்தத் தடுப்பூசியை எப்போது போடலாம் என்று கீமோவுக்கு முன்பே டாக்டரிடம் கேளுங்க. வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் சேர்த்துக் கேளுங்க.

கொரோனாவின் உலக அவசரநிலை முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5-ல் அறிவித்துவிட்டது. ஆனால் மழைக்காலத்தில் ஃப்ளூ வருகிறது, காசநோய் நம்மோடுதான் இருக்கிறது. கீமோ நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் வெள்ளை அணு எண்ணிக்கை அன்றைக்குப் போலத்தான் இன்றைக்கும் குறைகிறது. ஆகவே அந்த வார்டுக்குள் நுழைகிற நாம் ஒவ்வொருவரும், டாக்டரோ, தூய்மைப் பணியாளரோ, மகனோ, மருமகளோ, உடம்பு சரியில்லை என்றால் அதை மறைக்காமல் சொல்வோம். அப்படிச் சொல்கிறவரை யாரும் குறைவாக நினைக்காமல் இருப்போம்.

சந்தேகம் இருந்தால் 104 மருத்துவ உதவி எண்ணில் கேளுங்க. வீட்டில் யாருக்காவது சிகிச்சை நடந்துகொண்டிருந்தால், இதை உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பகிருங்கள்.