தனியாக ஒரு மேசை



"கூட யாரு வந்திருக்கா?" வெளியூரில் தனியாக இறங்கும் பெண்ணிடம் ஆட்டோக்காரர், லாட்ஜ் மேனேஜர், பஸ்ஸில் பக்கத்து சீட் அம்மா எல்லாரும் இதைத்தான் கேட்பார்கள். கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கைத் தணிக்கை செய்வது என் வேலை. சங்கம் எந்த ஊரிலோ, அந்த ஊருக்கு நான் போயாக வேண்டும். ஆரம்ப நாட்களில் "அவர் பின்னாடி வர்றார்" என்று இல்லாத ஒருவரை வரவழைப்பேன். இப்போது "ஆடிட்டுக்கு வந்திருக்கேன்" என்று சொல்லிவிடுகிறேன். கேட்டவர் சங்க உறுப்பினராக இருந்துவிட்டால், அதன்பிறகு கேள்வி கேட்பது அவர் இல்லை, நான்!

பெண்கள் தனியாகப் பயணம் போவது என்றால் லடாக், புல்லட், முதுகில் பெரிய பை என்று பத்திரிகைகளில் படம் போடுகிறார்கள். போகிறவர்கள் சந்தோஷமாகப் போகட்டும். ஆனால் நான் பார்த்தவரை, நம் பெண்களுக்குக் கால் பின்னுகிற இடம் மத்தியான நேரத்து ஹோட்டல் வாசல்தான். சிரிக்காதீர்கள். தனியாக ஒரு பெண் உள்ளே போனால் கல்லாவில் இருப்பவர் முதலில் என்ன கேட்பார்? "பார்சலாம்மா?" உட்கார்ந்து சாப்பிட வந்திருப்பாள் என்று அவருக்குத் தோன்றுவதில்லை.

எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், முதல் வேலையாக விருதுநகருக்குப் போனாள். ராத்திரி போன் செய்தேன். "சாப்டியாம்மா?" "பிஸ்கட் இருக்கு அக்கா, வாழைப்பழம் இருக்கு." முந்தைய நாளும் அதுதானாம். விருதுநகரில் உட்கார்ந்துகொண்டு பிஸ்கட்! எனக்கு மனசே ஆறவில்லை. தெருவுக்குத் தெரு எண்ணெயில் பரோட்டாவைப் பொரித்து எடுக்கிற ஊர் அது. "நாளைக்கு சாயங்காலம் கடைக்குப் போ. சுவரோரமா, வாசல் தெரியற மாதிரி உட்காரு. போனை வெளியே எடுக்காதே, வர்றவங்க போறவங்களைப் பாரு" என்றேன்.

மறுநாள் அவளே கூப்பிட்டாள். பயம் எல்லாம் உள்ளே நுழைகிற வரைதானாம். சர்வர் வந்து "என்ன வேணும்?" என்றதும்தான் திண்டாட்டமாம். வீட்டில் அப்பாவுக்கு ஆனதும் தம்பிக்குப் பிடித்ததும் அவளுக்கு அத்துப்படி. தனக்கு என்ன பிடிக்கும் என்று யோசிக்கக் கொஞ்ச நேரம் ஆனதாம். அடுப்படியில் நின்று வானொலியில் இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் அம்மாக்களே, உங்களுக்கு இது புரியும் என்று நினைக்கிறேன். கடைசியில் இரண்டு பரோட்டா சொல்லி, சால்னா போதாமல் இன்னொரு தடவை கேட்டு வாங்கினாளாம். அந்த இரண்டாவது சால்னாதான் எனக்குப் பெரிய சேதி. அதைக் கேட்டு வாங்கியவள், அடுத்த வாரம் லாட்ஜில் தாழ்ப்பாள் சரியில்லாத அறையை மாற்றித் தரச் சொல்லியும் கேட்டாள்.

லாட்ஜ் என்றதும் ஞாபகம் வருகிறது. "தனியா வர்ற லேடீஸுக்கு ரூம் தர்றதில்லை" என்று சொல்லும் இடங்கள் இன்னும் உண்டு. பொழுது சாய்ந்தபிறகு போய் நின்று வாதாடாதீர்கள். முன்கூட்டியே போனில் கேட்டு, வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள்.

வானொலி நிலையத்து அன்பர் கடிகாரத்தைக் காட்டுகிறார், மற்றதைச் சுருக்கிவிடுகிறேன். ரயிலில் ஏதாவது தொந்தரவு என்றால் 139. மற்ற இடங்களில் பெண்களுக்கான உதவி எண் 181, அவசரத்துக்கு 112. இன்னொரு 139-ம் இருக்கிறது. 1989-ஆம் வருஷத்து ரயில்வே சட்டத்தின் 139-ஆவது பிரிவு. ஆண்துணை இல்லாமல் வரும் பெண்ணிடம் டிக்கெட்டே இல்லாவிட்டாலும், ராத்திரியில் ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷனில் அவளை இறக்கிவிட முடியாது. ஏறிய ஸ்டேஷன், ஜங்ஷன், வண்டி முடியும் இடம், மாவட்டத் தலைநகர் இவற்றில்தான் இறக்கலாம். அதுவும் பகலில் மட்டும். அதற்காக டிக்கெட் எடுக்காமல் ஏறிவிடாதீர்கள், தணிக்கைக்காரி சொல்கிறேன்!

முதல் பயணம் ஒரு பகல் அளவுக்கு இருந்தால் போதும். எனக்குப் பிடித்த பாதையைச் சொல்லட்டுமா? செங்கோட்டையிலிருந்து புனலூர். 1904-இல் வந்த மீட்டர்கேஜ் பாதை. 2010-இல் மூடி, அகலப்பாதையாக்கி, 2018-இல் மறுபடி திறந்தார்கள். பகவதிபுரம் தாண்டி மலைக்குகைக்குள் வண்டி நுழையும். வெளியே வந்தால் கேரளம். ஸ்டேஷனில் பேச்சு மலையாளமாகியிருக்கும். தென்மலைக்கு முன்னால் பதின்மூன்று கண் பாலம் வரும். புனலூரில் இறங்கி, 1877-ஆம் வருஷத்துத் தொங்குபாலத்தைப் பார்த்துவிட்டு, ஒரு கடையில் உட்கார்ந்து உங்களுக்குப் பிடித்ததைச் சொல்லிச் சாப்பிடுங்கள். உங்களில் சிலராவது போய்வருவீர்கள் என்று நம்புகிறேன். திரும்பும் வண்டி எத்தனை மணிக்கு என்று முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாதையில் ரயில்கள் குறைவு.