ஜானி டோரனின் குழல்

அயர்லாந்தின் ஜானி டோரன், இல்லியன் பைப் என்ற குழல் கருவியை வாசித்த கலைஞர். நாடோடிக் குடும்பம்; குதிரை வண்டிதான் வீடு. சந்தை, குதிரைப் பந்தயம் என்று கூட்டம் சேரும் இடமெல்லாம் அவருக்கு மேடை.

அந்தக் கருவியை வாயால் ஊதுவதில்லை. வலது முழங்கை துருத்தியை அழுத்த, இடது கக்கத்துப் பையில் காற்று நிரம்பும். விரல்கள் குழலில் ஓடும்போதே மணிக்கட்டு வேறு சுருதிக் கட்டைகளைத் தட்டும். அத்தனையும் ஒருவரே! டோரனின் வாசிப்பைக் கேட்டுச் சொக்கிப்போன இளைஞர் வில்லி கிளான்சி, பின்னாளில் பெரிய வித்வான் ஆனார்.

1947இல் அயர்லாந்து நாட்டார் வழக்காற்று ஆணையம் டோரனை இசைத்தட்டில் பதிவு செய்தது. புண்ணியம் செய்தார்கள். அடுத்த ஜனவரியிலேயே, டப்ளினில் அவர் வண்டிமேல் ஒரு சுவர் சரிந்தது. முதுகெலும்பு நொறுங்கி, இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஊர் ஊராய்த் திரிந்த மனிதருக்கு அதைவிடக் கொடுமை உண்டா? 1950இல் காலமானார். வயது நாற்பதைச் சற்றே தாண்டியிருந்தது.

மிஞ்சிய பதிவுகள் ஒரு மணி நேரம்கூடத் தேறாது. நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது. பைப் பழகுகிறவர்கள் இன்றும் அவற்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுப் பாடம் படிக்கிறார்கள்.