சட்டங் காப்போர் கடமையும் தமிழும்

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஏரி வெட்டிக் கரை கட்டிய அன்றோடு ஏரிப்பணி முடிந்துவிடுவதில்லை. ஆண்டுதோறும் தூர் வாருதல் வேண்டும். உடைந்த கரையை அடைத்தல் வேண்டும். மடையைச் செப்பனிடல் வேண்டும். இவற்றைச் செய்யாதவன் ஏரி வெட்டியும் பயனில்லை. இதனை உணர்ந்தே பழந்தமிழ் ஊரவைகள் ஏரி வாரியம் என்றே ஒரு வாரியத்தைத் தனியாக அமைத்திருந்தன. சட்டமும் ஏரி போன்றதே. இயற்றுவது ஒருநாட் பணி. காப்பது வாழ்நாட் பணி.

இவ்வுண்மைக்குத் தமிழ் மண்ணிலேயே கல்லில் வெட்டிய சான்று உண்டு. முதலாம் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது 919இல், உத்தரமேரூர் அவையினர் வாரியங்களுக்கு ஆட்களைக் குடவோலை வழியே தேர்ந்தெடுக்கும் முறையை வகுத்தனர். இரண்டே ஆண்டுகளில், 921இல், அதே முறையை மீண்டும் எடுத்து ஆய்ந்து, குறை களைந்து, தகுதிகளையும் தகுதியின்மைகளையும் இன்னும் விரிவாக வரையறுத்து மற்றொரு கல்வெட்டாகப் பொறித்தனர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மட்டுமன்றி, அவன் நெருங்கிய உறவினரும் குடவோலைக்குப் பெயர் எழுதப்படத் தகாதவராயினர். அவ்வூர் பார்ப்பன ஊர் என்பதும், நிலமும் வேதக் கல்வியும் உடையார்க்கே அங்கு இடம் இருந்ததென்பதும் மறைக்கத் தக்கன அல்ல. ஆயினும் ஒரு செய்தி தெளிவு. முதற்சட்டம் குறையுடையதென்று கண்டபோது அதைக் குறையோடே கிடக்க விடவில்லை, ஈராண்டிற்குள் திருத்தினர். திருத்தியதை அரண்மனை ஓலைக்குள் பூட்டி வைக்கவில்லை. ஊரார் கண்முன் கோயிற் சுவரில், அவர்கள் பேசிய மொழியாகிய தமிழிலேயே வெட்டிவைத்தனர். வடசொற் கலப்பு அதில் உண்டெனினும் அயல்மொழிச் சட்டமன்று அது.

இன்றைய ஆட்சியில் அப்பணியைச் செய்வோர் யார்? சட்டமன்றத்தில் கை தூக்குவோர் சட்டத்திற்கு உயிர் கொடுக்கின்றனர். ஆனால் அதற்கு உடல் அமைப்பவர் அரசின் சட்டத்துறையில் அமர்ந்திருக்கும் சட்டவரைவாளரும் சட்ட அறிவுரைஞருமே. மக்கள் அவர் பெயரை அறியார். மேடையில் அவருக்கு மாலை இல்லை. எனினும் அவர் எழுதும் ஒரு சொல்லில் ஓர் உழவனின் நிலம் தங்கும், அல்லது பறிபோகும்.

அவர் கடமை எழுதுவதோடு முடிவதன்று. அமைச்சர் ஒருவர் புதுச்சட்டம் வேண்டுமென்றால், முன்னமே உள்ள சட்டம் அதற்குப் போதுமா என்று முதலில் பார்த்தல் வேண்டும். அப்பொருள் அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் எந்தப் பட்டியலில் உள்ளது என்றும், 254ஆம் உறுப்பின்படி நடுவணரசுச் சட்டத்தோடு முரணுமா என்றும், 13ஆம் உறுப்பு காக்கும் அடிப்படை உரிமைகளைத் தொடுமா என்றும் ஆய்தல் வேண்டும். பழஞ்சட்டத்தை நீக்கினால், அதன்கீழ் முன்னமே எழுந்த உரிமைகளும் கடன்களும் வழக்குகளும் என்னாகும் என்று எண்ணுதல் வேண்டும். 1897ஆம் ஆண்டின் பொதுப் பிரிவுகள் சட்டத்து 6ஆம் பிரிவு இதற்கெனவே எழுந்தது. சட்டம் நடைமுறைக்கு வந்தபின், ஒவ்வொரு திருத்தத்தையும் மூலத்தோடு இணைத்துத் தொகுத்தல் வேண்டும். முறைமன்றங்கள் எப்பிரிவை வீழ்த்தின, எப்பிரிவுக்கு என்ன பொருள் கூறின என்று தொடர்ந்து குறித்தல் வேண்டும். பயன் ஒழிந்த சட்டம் எது என்று அரசுக்கு அஞ்சாது எடுத்துரைத்தல் வேண்டும். இங்கிலாந்து 1965இல் சட்ட ஆணையத்தை நிறுவியபோது, வழக்கொழிந்தவற்றை நீக்குதலையும் சிதறிக் கிடப்பவற்றைத் தொகுத்தலையும் அதன் கடமைகளாகச் சட்டத்திலேயே எழுதிவைத்தது.

இக்கடமை தவறினால் என்ன நேரும்? தமிழ்நாட்டிலேயே எடுத்துக்காட்டு உண்டு. 1954இல் சென்னை மாநிலத்தில் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் ஒன்று வந்தது. ஏற்கத்தகாதது என்று ஆட்சியாளர் கருதும் நாடகத்தைத் தடைசெய்ய அஃது அதிகாரம் தந்தது. எம்.ஆர். இராதாவின் நாடகங்களை மனத்திற் கொண்டே அது வந்ததென்பர். ஆட்சிகள் மாறின, மேடையில் வளர்ந்த இயக்கத்தாரே அரியணையும் ஏறினர், அச்சட்டமோ மாறாது கிடந்தது. எழுத்தாளர் ஞாநி வழக்குத் தொடுத்த பின்னரே, 2013இல், சென்னை உயர்முறைமன்றம் அதனை வீழ்த்தியது. ஐம்பத்தொன்பது ஆண்டுகள்! அரசின் அறிவுரைஞர் கூறியிருக்க வேண்டியதை ஒரு குடிமகன் தன் முயற்சியால் முறைமன்றத்தில் நின்று கூற நேர்ந்தது.

இன்னொன்று கேண்மின். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-அ பிரிவை உச்சமுறைமன்றம் 2015இல் செல்லாதென அறிவித்தது. செத்த பிரிவு சுடுகாடு போயிற்றா? இல்லை. காவல் நிலையங்களில் அதன்கீழ் வழக்குகள் தொடர்ந்து பதிவாயின. எவர்மேலும் அப்பிரிவின்கீழ் வழக்கு நடத்தலாகாது என்று 2022இல் உச்சமுறைமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டியதாயிற்று. ஒரு தீர்ப்பு காவல் நிலையம் வரை சென்று சேர்வதற்கு ஏழாண்டுகள் போதவில்லை! சட்டத்தைக் காத்தல் என்பது ஏட்டுப்பணி என்று எண்ணுவோர், அவ்வேழாண்டுகளில் அலைக்கழிந்த இளைஞர்களை எண்ணிப் பார்க்க.

இனி மொழிக்கு வருவோம். குடிமகன் சட்டத்தை அறியான் என்பது விலக்காகாது என்பது பல நாட்டு முறைமன்றங்களும் கொண்ட நெறி. அறியாமை குற்றம் என்று கூறும் அரசு, அறியத்தக்க மொழியில் சட்டத்தைத் தந்ததா?

1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் தமிழைத் தமிழ்நாட்டின் ஆட்சிமொழி ஆக்கியது. ஆனால் அரசியலமைப்பின் 348ஆம் உறுப்பு, சட்டமுன்வரைவு, சட்டம், விதி, ஆணை ஆகிய அனைத்திற்கும் ஆங்கில வடிவமே ஏற்புடைய வடிவம் என்கிறது. மாநிலச் சட்டமன்றம் தன் மொழியில் சட்டம் இயற்ற வழி வகுத்தாலும், ஆளுநரின் அதிகாரத்தால் வெளியிடப்படும் ஆங்கில மொழிபெயர்ப்பே ஏற்புடைய ஆங்கில வடிவமாகும் என்று அதன் மூன்றாம் கூறு கட்டிவைக்கிறது. ஆகலின் தலைமகன் ஆங்கிலம்; தமிழ் அவன் பின்னால் குடை பிடிப்பவள். 1973இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமொன்று, குடியரசுத் தலைவரின் அதிகாரத்தால் வெளியிடப்படும் நடுவணரசுச் சட்டங்களின் மாநில மொழிபெயர்ப்பை ஏற்புடைய வடிவம் என்று ஒப்புகிறது. அங்கும் தமிழ் மொழிபெயர்ப்பே, மூலம் அன்று.

ஆங்கிலத்துக்குத் தரும் இவ்வுரிமையாவது நேர்மையாகக் காக்கப்படுகிறதா? 1860ஆம் ஆண்டின் குற்றத்தொகுப்பையும், 1872ஆம் ஆண்டின் சான்றுச் சட்டத்தையும், 1973ஆம் ஆண்டின் குற்றநடைமுறைத் தொகுப்பையும் நீக்கி, 2023இல் மூன்று சட்டங்களை நாடாளுமன்றம் இயற்றியது. 2024 சூலை முதல் நாள் அவை நடைமுறைக்கு வந்தன. அவற்றின் பெயர்கள் ஆங்கில வடிவத்திலும் இந்திப் பெயர்களாகவே நிற்கின்றன. சட்டத்தின் உடல் ஆங்கிலம், நெற்றிப்பட்டம் இந்தி! கொலைக்கு ஒறுப்புக் கூறும் பிரிவு 302 என்பது போய் 103 ஆயிற்று. ஏமாற்றுக்குரிய 420 போய் 318 ஆயிற்று. முதல் நாளுக்கு முன் நிகழ்ந்த குற்றத்திற்குப் பழஞ்சட்டம், பின் நிகழ்ந்ததற்குப் புதுச்சட்டம் என்று ஒவ்வொரு காவல் நிலையத்திலும் இரு நூல்களும் வேண்டியனவாயின. தமிழ் வழக்கறிஞர்கள் தெருவில் இறங்கிப் போராடியது வெறும் பெயருக்காக அன்று. எண் மாற்றத்தையும் பெயர்த் திணிப்பையும் முன்னுணர்ந்து கூறவேண்டிய அறிவுரைஞரின் குரல் எங்கே போயிற்று என்பதே அவர்தம் வினாவின் உட்பொருள்.

தமிழ் சட்டமொழி என்று எழுத்தளவில் ஒப்பப்பட்ட இடத்திலும் ஏமாற்று உண்டு. இலங்கை அரசியலமைப்பின் 23ஆம் உறுப்பின்படி, சட்டங்கள் சிங்களத்திலும் தமிழிலும் இயற்றப்படல் வேண்டும். ஆனால் இரண்டும் முரண்பட்டால் எது மேலோங்கும் என்பதை இயற்றும்போதே நாடாளுமன்றம் முடிவு செய்யும். அம்முடிவு என்ன? சட்டந்தோறும் ஈற்றில் ஒரு பிரிவு வருகிறது: முரண் நேரின் சிங்கள வடிவமே மேலோங்கும். முகப்பில் தமிழுக்கு இருக்கை. முடிவில் தமிழுக்கு வாயில்! ஈழத்தமிழன் தன் மொழியில் படித்து அறிந்த உரிமை, அவன் அறியாத மொழியின் ஒரு சொல்லால் இல்லாமற் போகலாம். நிகரற்ற இருமொழிச் சட்டம் ஒருமொழிச் சட்டமே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மாற்றாக, வேல்சு மக்களைப் பாருங்கள். 1536இல் எட்டாம் என்றியின் ஆட்சி இயற்றிய சட்டம், வேல்சு நாட்டு முறைமன்றங்களின் மொழி ஆங்கிலமே என்றது. வேல்சு மொழி மட்டும் பேசுவோர்க்கு அரசுப்பணி இல்லை என்றது. நானூறு ஆண்டுகளுக்கு மேல் அத்தளை கிடந்தது. 1999இல் அவர்களுக்கென ஓர் அவை அமைந்தது. இன்று அவ்வவையின் சட்டங்கள் வேல்சு மொழியிலும் ஆங்கிலத்திலும் இயற்றப்படுகின்றன. இரு வடிவமும் எல்லாப் பயனுக்கும் நிகர். ஒன்று மூலம் மற்றது நிழல் என்பதில்லை. 2019இல் அவர்கள் இன்னும் ஒருபடி ஏறினர். வேல்சுச் சட்டங்கள் மக்கள் எளிதில் அடையத்தக்கனவாய் உள்ளனவா என்று தொடர்ந்து ஆய்வதும், அவற்றைச் செப்பனிட ஒவ்வோர் அவைக்காலத்திலும் ஒரு திட்டம் வகுப்பதும் அரசின் தலைமைச் சட்ட அறிவுரைஞருக்குக் கடமை என்று சட்டமே இயற்றினர். அதன் பயனாகப் பழஞ்சின்னங்களையும் பழங்கட்டடங்களையும் காக்கும் சிதறிய சட்டங்கள் 2023இல் இருமொழியிலும் ஒரே சட்டமாகத் தொகுக்கப்பட்டன. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி வேல்சு நாட்டில் வேல்சு மொழி பேசுவோர் ஏறத்தாழ 5,38,000 பேர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள் தொகை 7 கோடிக்கும் மேல்! ஐந்து இலக்கம் மக்களின் மொழி சட்டமாக நிமிர்ந்து நிற்க, ஏழு கோடி மக்கள் வாழும் நாட்டின் மொழி மொழிபெயர்ப்பாய்க் குனிந்து நிற்பதோ?

“தமிழில் சட்ட நுட்பம் வராது” என்பர் சிலர். 1862இலேயே, மாயூரத்து நடுவர் வேதநாயகம் பிள்ளை, 1805 முதல் 1861 வரையிலான சென்னைத் தலைமை முறைமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்துத் தந்தார். நூலின் பெயர் வடசொல்லாயினும் செயல் தமிழ்ச்செயல். நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் முடிந்தது இன்று முடியாதென்பது சோம்பலன்றி வேறென்ன?

நுட்பம் எங்கே உள்ளது என்று காட்டுவாம். ஆங்கிலச் சட்டம் ஆண்பாற் பெயரால் எழுதப்படுவது வழக்கம். ஆண்பாற்சொல் பெண்ணையும் குறிக்கும் என்று 1897ஆம் ஆண்டுச் சட்டத்தில் 13ஆம் பிரிவு ஒன்று எழுதி அக்குறையை அடைத்தனர். தமிழில் ‘அவர்’ என்ற ஒரு சொல் அவ்வேலையைத் தானே செய்கிறது. கட்டாயமா விருப்பமா என்று ஆங்கில வினைச்சொல்லைப் பற்றி முறைமன்றங்கள் எத்தனையோ வழக்குகளில் ஆய்ந்துள்ளன. ‘செய்தல் வேண்டும்’, ‘செய்யலாம்’, ‘செய்தல் கூடாது’ என்ற தமிழ் முடிபுகளில் அம்மயக்கத்திற்கு இடம் ஏது?

தமிழிலும் மயக்கம் நேரும்; மறுப்பதற்கில்லை. ‘பழைய வீடுகளுக்கும் கடைகளுக்கும் வரி இல்லை’ என்றால், பழைமை கடைக்கும் உண்டா? ஐயமே. ‘கடைகளுக்கும் பழைய வீடுகளுக்கும்’ என்று முறை மாற்றினால் ஐயம் நீங்கும். இவ்வையம் முறைமன்றத்தில் தோன்றினால் வழக்கு. வரைவு மேசையிலேயே தோன்றினால் திருத்தம். இருமொழியில் ஒருங்கே வரைவோர், ஒரு மொழியில் ஒளிந்த மயக்கத்தை மறுமொழியில் எழுத முனையும்போதே கண்டுகொள்கின்றனர். கனடா 1978 முதல் ஆங்கிலத்தையும் பிரெஞ்சையும் ஒருங்கே வரைந்து வருவதன் பயனும் இதுவே. ஆகலின் தமிழில் வரைவது தமிழுக்கு அணி செய்வது மட்டுமன்று, சட்டத்தையே செப்பனிடுவது.

செய்ய வேண்டுவன எவை? தில்லியைக் கேளாமலே தமிழ்நாட்டரசு செய்யத்தக்கன நான்கு. ஒன்று, ஒவ்வொரு சட்டமுன்வரைவையும் தமிழ் வரைவாளரும் ஆங்கில வரைவாளரும் ஒரே மேசையில் அமர்ந்து ஒருங்கே வரைதல். இரண்டு, நடைமுறையிலுள்ள மாநிலச் சட்டம் ஒவ்வொன்றையும் திருத்தங்களோடு தமிழில் தொகுத்து மக்களுக்கு விலையின்றித் தருதல். மூன்று, முறைமன்றம் வீழ்த்திய பிரிவுகளையும் வழக்கொழிந்த சட்டங்களையும் பட்டியலிட்டு ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைத்தல். நான்கு, சட்டக் கல்லூரிகளில் தமிழில் சட்டம் வரையும் பயிற்சியைப் பாடமாக்குதல். தில்லியில் போராடிப் பெற வேண்டியது ஒன்று: தமிழ் வடிவம் மூலமாக நிற்கும்படி 348ஆம் உறுப்பைத் திருத்துதல்.

முதல் நான்கையும் செய்யாது ஐந்தாவதை மட்டும் முழங்குவது தூர் வாராத ஏரிக்கு மழை வேண்டுவது போன்றது. மழை வந்தாலும் நீர் தங்காது. நாளை தில்லி இணங்கினாலும், தமிழில் சட்டம் வரையக் கைகள் இல்லையேல் மீண்டும் ஆங்கிலத்தின் வாயிலிலேயே நிற்க நேரும். எனவே சட்டம் பயிலும் தமிழ் இளைஞர் இப்பணிக்கு முன்வருக! சட்டத்துறையில் அமர்ந்துள்ள தமிழர், எழுதுகோலைத் தமிழில் ஊன்றுக! ஆள்வோர் அதற்கு ஆணையிடுக! ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் கல்லில் நின்ற தமிழ், இன்று சட்டத்தில் நிற்க!